அமெரிக்காவில் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டைத் தேடுவது எப்படி, வந்த முடிவைப் படிப்பது எப்படி

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், பிள்ளையை டேகேரில் சேர்க்கும் முன், வாரம் ஒரு மாலை பாட்டு வகுப்புக்கு ஒருவர் வீட்டுக்கு அனுப்பும் முன், பாலியல் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்களின் பதிவேட்டை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இதற்குக் காசு கிடையாது. குடியுரிமை வேண்டாம், விசா வகையை யாரும் கேட்கப்போவதில்லை. தேடுவதும் பத்து நிமிட வேலைதான். வந்த முடிவைப் படிக்கத் தெரியாததால்தான் தவறு நடக்கிறது. ஒன்றும் வரவில்லை என்று சிலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். வேறு சிலர், பெயர் மட்டும் ஒத்துப்போன யாரோ ஒருவரைக் குற்றவாளி ஆக்கிவிடுகிறார்கள். இரண்டுமே ஆபத்து.

இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு இப்படி ஒரு பதிவேடு இருப்பதே புதிதாக இருக்கும். அங்கே 2018-ல் தொடங்கிய தேசியத் தரவுத்தளத்தைக் காவல்துறையும் விசாரணை அமைப்புகளும்தான் பார்க்க முடியும். அமெரிக்காவிலும் வெகுகாலம் அப்படித்தான் இருந்தது. கலிஃபோர்னியா 1947-லேயே பதிவேடு தொடங்கியது, ஆனால் அது போலீஸ் கையில் இருந்தது. 1994-ல் நியூ ஜெர்சியில் மேகன் கான்கா என்ற ஏழு வயதுச் சிறுமி கொல்லப்பட்டாள். கொன்றவன் எதிர்வீட்டுக்காரன், ஏற்கெனவே குழந்தைகளிடம் குற்றம் செய்து தண்டனை பெற்றவன். அது அவள் பெற்றோருக்குத் தெரியாது. அக்கம்பக்கத்தாருக்குத் தகவல் தர வேண்டும் என்ற சட்டம் அதே ஆண்டு நியூ ஜெர்சியிலும், 1996-ல் நாடு முழுவதற்கும் வந்தது. இன்றும் அதை மேகன் சட்டம் என்றே சொல்கிறார்கள்.

அப்புறமும் ஒரு ஓட்டை இருந்தது. 2003-ல் வட டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸில் ட்ரூ ஷோடின் என்ற 22 வயது கல்லூரி மாணவி கடத்திக் கொல்லப்பட்டார். குற்றவாளியின் பெயர் பதிவேட்டில் இருந்தது, ஆனால் பக்கத்து மாநிலமான மின்னசோட்டாவின் பதிவேட்டில். மாநில எல்லையைத் தாண்டித் தேட ஒரே இடம் வேண்டும் என்பதால்தான் 2005-ல் அமெரிக்க அரசின் நீதித்துறை தேசியத் தளத்தைத் திறந்தது. 2006-ல் அதற்கு ட்ரூ ஷோடின் பெயரையே வைத்தார்கள். நீங்கள் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

தேசியத் தளம்

உலாவியின் முகவரிப் பட்டியில் என்எஸ்ஓபிடபிள்யூ டாட் ஜிஓவி என்று ஆங்கில எழுத்துகளில் நேரடியாகத் தட்டச்சு செய்யுங்கள். கூகுளில் தேடினால் தனியார் தளங்களின் விளம்பரங்கள் முன்னால் வந்து நிற்கும். மாநிலத் தளங்களிலிருந்து எப்போதோ நகலெடுத்த விவரங்களை வைத்துக்கொண்டு கிரெடிட் கார்டு கேட்பவை அவற்றில் உண்டு. பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டவர் பெயர் அங்கே அப்படியே கிடக்கும், புதிதாகச் சேர்ந்தவர் பெயர் இருக்காது. கட்டணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். சில மாநிலங்களின் உண்மையான பதிவேடுகளே ஜிஓவி என்று முடியாத முகவரிகளில் இருப்பதால், மாநிலத் தளத்துக்கும் தேசியத் தளத்தில் உள்ள பட்டியல் வழியாகப் போவதுதான் பத்திரம்.

பயன்பாட்டு நிபந்தனைகள் காட்டப்பட்டால் ஒப்புக்கொண்டு உள்ளே போனால் தேடல் இரண்டு வகை. பெயரால் தேடலாம், இடத்தால் தேடலாம். பெயர்த் தேடலில் முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டையும் நிரப்புங்கள். இடத் தேடலில் முழு முகவரி கொடுத்து ஒன்று முதல் மூன்று மைல் சுற்றளவு கேட்கலாம். முகவரி இல்லாமல் ஊர், கவுன்டி, ஜிப் கோடு என்றும் தேடலாம்.

ஒரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. தேசியத் தளம் தன்னிடம் எந்த விவரத்தையும் சேர்த்து வைத்திருப்பதில்லை. நீங்கள் பொத்தானை அழுத்தும் அந்த நொடியில் 50 மாநிலங்கள், வாஷிங்டன் டிசி, ஐந்து பிரதேசங்கள், பூர்வகுடி நாடுகள் ஆகியவற்றின் பதிவேடுகளைக் கேட்டு, வந்த பதில்களைத் தொகுத்துத் தருகிறது. ஒரு மாநிலத்தின் கணினி அப்போது பராமரிப்பில் இருந்தால் அந்த மாநிலத்தின் பதில் வராது. பதில் தராத மாநிலங்கள் எவை என்று முடிவுப் பக்கத்திலேயே குறிப்பு இருக்கும். உங்கள் மாநிலமோ பக்கத்து மாநிலமோ அந்தக் குறிப்பில் இருந்தால் நீங்கள் தேடியது தேடியதாகவே ஆகாது. சற்று நேரம் கழித்து மறுபடி தேடுங்கள்.

எந்த முகவரிகளைத் தேடுவது? வீட்டை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். பள்ளி, பள்ளிப் பேருந்து நிற்கும் முனை, டேகேர், வகுப்பு நடக்கும் வீடு, பிள்ளை அடிக்கடி தங்கும் நண்பர் வீடு என்று நாலைந்து முகவரிகளைத் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். மாநில எல்லையை ஒட்டி இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஜெர்சி சிட்டியில் குடியிருப்பவர் நியூ ஜெர்சி தளத்தில் மட்டும் தேடினால் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள நியூயார்க் வராது. அங்கே தேசியத் தளத்தின் சுற்றளவுத் தேடல்தான் கைகொடுக்கும்.

அதன்பின் உங்கள் மாநிலத் தளத்திலும் அதே முகவரிகளைத் தேடுங்கள். இதைத் தவிர்க்கக் கூடாது. வரைபடம், புகைப்பட வரிசை, கல்லூரி வாரியான தேடல், மின்னஞ்சல் எச்சரிக்கை எல்லாம் மாநிலத் தளங்களில்தான் விரிவாக இருக்கும். வரைபடத்தில் தெரியும் புள்ளியை மட்டும் நம்பாமல் முகவரியைப் படியுங்கள். பெரிய அபார்ட்மென்ட் வளாகமாக இருந்தால் புள்ளி அலுவலக வாசலில் விழும், ஆள் குடியிருப்பது வளாகத்தின் மறுகோடியாக இருக்கலாம். முகவரி துல்லியமாகக் கிடைக்காதபோது புள்ளி ஜிப் கோடின் நடுவில் போய் உட்கார்ந்துவிடுவதும் உண்டு.

பெயரைத் தேடும்போது

பெயர்த் தேடல் எளிது என்று தோன்றும். தவறு அதிகம் நடப்பது இங்கேதான். பதிவேட்டில் இருப்பது நீதிமன்ற ஆவணத்தில் உள்ள பெயர். எல்லோரும் பாப் என்று கூப்பிடுபவர் அங்கே ராபர்ட்டாக இருப்பார், பில் என்பவர் வில்லியமாக இருப்பார். பெண்களுக்குத் திருமணத்துக்கு முந்தைய கடைசிப் பெயரையும் போட்டுப் பாருங்கள். ஸ்பானியக் குடும்பங்களில் இரண்டு கடைசிப் பெயர்கள் வரும், இரண்டையும் தனித்தனியாகத் தேட வேண்டும்.

நம் பெயர்களில் சிக்கல் இன்னும் கூடுதல். கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் இருந்தால் அமெரிக்க விசாவில் அது கடைசிப் பெயராகிவிடும், முதல் பெயருக்கான இடத்தில் எஃப்என்யூ என்று மூன்று எழுத்து வந்து உட்காரும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. சிலருக்கு அப்பா பெயர் கடைசிப் பெயராகிறது, சிலருக்கு இனிஷியல் விரிந்து முதல் பெயராகிறது. ஆகவே முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுத் தேடுங்கள். எழுத்துக்கூட்டலும் அப்படித்தான். ஸ்ரீனிவாசன் என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் எஸ்ஆர் என்றும் எஸ்எச்ஆர் என்றும் தொடங்குகிறார்கள், அடுத்து வருவது ஒரு ஐ-யா இரண்டு ஈ-யா என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். மாநிலத் தளங்கள் பலவற்றில் கடைசிப் பெயரின் முதல் சில எழுத்துகளைக் கொடுத்தாலே போதும். எழுத்துக்கூட்டல் சந்தேகமாக இருந்தால் அந்த வழியில் போங்கள்.

பெயர் வந்துவிட்டது என்பதாலேயே அது அவர்தான் என்று ஆகிவிடாது. ஒரே பெயரில் நூறு பேர் இருக்கும் நாடு இது. பெயரோடு பிறந்த தேதி அல்லது வயது, புகைப்படம், உயரம், முகவரி இவற்றையும் ஒப்பிடுங்கள். பெயர் தவிர இன்னும் இரண்டு விவரங்களாவது தெளிவாகப் பொருந்தாத வரை அதை வேறு ஆளாகவே கருதுங்கள். புகைப்படம் பத்தாண்டு பழையதாக இருக்கக்கூடும், எடுத்த தேதி போட்டிருந்தால் அதைப் பாருங்கள். அப்போதும் சந்தேகம் தீரவில்லையென்றால் உங்கள் கவுன்டி ஷெரிஃப் அலுவலகத்தையோ உள்ளூர் போலீசையோ அவசரமில்லா எண்ணில் அழைத்து, பாலியல் குற்றவாளிகள் பதிவைப் பார்க்கும் பிரிவைக் கேளுங்கள். ஆங்கிலத்தில் விளக்கத் தயக்கமாக இருந்தால் தமிழ் இன்டர்பிரட்டர் வேண்டும் என்று சொல்லுங்கள். தொலைபேசியிலேயே மொழிபெயர்ப்பாளரைச் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு பல அலுவலகங்களில் உண்டு.

ஒரு பக்கத்தைத் திறந்து படித்தால்

கலிஃபோர்னியாவின் பக்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேலே புகைப்படம், பெயர், வேறு பெயர்கள். அடுத்து பிறந்த தேதி, உயரம், எடை, கண் நிறம், தழும்பு, பச்சை குத்தல். குற்றம் என்ற பகுதியில் 288(ஏ) என்று ஒரு சட்டப்பிரிவு எண், பக்கத்தில் ஒற்றை வரி விளக்கம். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையிடம் செய்த காமச் செயல் என்பது அந்தப் பிரிவு. சட்டப்பிரிவு எண்ணைக் குறித்துக்கொண்டு அதன் வாசகத்தைத் தேடிப் படியுங்கள். ஒற்றை வரி விளக்கங்கள் பெரும்பாலும் மழுப்பலாக இருக்கும், பாதிக்கப்பட்டவர் குழந்தையா பெரியவரா என்பதுகூடப் புரியாது. டெக்சஸ் தளம் இதில் தெளிவு. பாதிக்கப்பட்டவரின் வயதையும் பாலினத்தையும் அதுவே சொல்லிவிடும்.

குற்றத்துக்குக் கீழே கடைசியாகத் தண்டனை பெற்ற ஆண்டும், கடைசியாக விடுதலையான ஆண்டும் இருக்கும். 1988-ல் தண்டனை பெற்று 1990-ல் வெளியே வந்து அப்புறம் ஒன்றுமில்லை என்பதும், 2019-ல் வெளியே வந்தவர் என்பதும் ஒன்றல்ல. எத்தனை குற்றங்கள் வரிசையாக உள்ளன என்பதையும் எண்ணுங்கள். அந்தக் குற்றமும் அந்த ஆண்டுகளும்தான் பக்கத்திலேயே மிக உபயோகமான வரிகள் என்பது எங்கள் கணிப்பு. பலரும் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த வரிகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

முகவரி இருக்க வேண்டிய இடத்தில் நிலையான முகவரி இல்லாதவர் என்ற குறிப்பு இருந்தால் அவர் வீடில்லாமல் இருப்பவர். கலிஃபோர்னியாவில் அப்படிப்பட்டவர்கள் 30 நாளைக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பதிவு விதியை மீறியவர் என்ற குறிப்பு இருந்தால், சொன்ன இடத்தில் இப்போது அவர் இல்லாமல் இருக்கலாம் என்று பொருள். ஃப்ளோரிடாவில் இன்னொரு விஷயம் உண்டு. மாநிலத்தை விட்டுப் போனவர்களையும் அது பட்டியலில் வைத்திருக்கும். ஃப்ளோரிடா என்று வந்ததும் பயந்துவிடாமல் இப்போதைய முகவரி எங்கே என்று பாருங்கள். முகவரி வீடா, வேலை செய்யும் இடமா, படிக்கும் இடமா என்பதையும் கவனியுங்கள்.

பதிவில் உள்ளவர்களைப் படிநிலைகளாகப் பிரிக்கும் டயர், லெவல் என்ற ஆங்கிலச் சொற்கள் எல்லா மாநிலத்திலும் ஒரே பொருளில் வருவதில்லை. 2006-ன் கூட்டரசுச் சட்டத்தில் டயர் என்பது செய்த குற்றத்தின் வகையைக் குறிக்கிறது. டயர் ஒன்றுக்கு 15 ஆண்டுப் பதிவு, ஆண்டுக்கு ஒரு முறை நேரில் ஆஜர். டயர் இரண்டுக்கு 25 ஆண்டு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை. டயர் மூன்றுக்கு ஆயுள் முழுக்க, மூன்று மாதத்துக்கு ஒரு முறை. கலிஃபோர்னியாவில் 2021 முதல் 10 ஆண்டு, 20 ஆண்டு, ஆயுள் என்று வேறு கணக்கு. நியூயார்க்கின் லெவல் என்பதோ அந்த ஆள் மறுபடி குற்றம் செய்யும் ஆபத்து எவ்வளவு என்று நீதிமன்றம் மதிப்பிட்டது. ஒரு மாநிலத்தின் டயர் இரண்டையும் இன்னொரு மாநிலத்தின் லெவல் இரண்டையும் ஒன்றாக வைத்து ஒப்பிடாதீர்கள்.

ஒன்றும் வரவில்லையென்றால்

உங்கள் மாநிலம் யாரை வெளியிடுகிறது, யாரை மறைக்கிறது என்று முதலில் பாருங்கள். நியூயார்க் தளத்தில் லெவல் இரண்டும் மூன்றும்தான் தெரியும். லெவல் ஒன்றில் உள்ளவரைப் பற்றித் தெரிய 800-262-3257 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பெயரோடு பிறந்த தேதி, சரியான முகவரி போன்ற அடையாள விவரம் ஒன்றும் கையில் இருந்தால்தான் பதில் கிடைக்கும். நியூ ஜெர்சியில் டயர் ஒன்று பொதுமக்களுக்குக் கிடையாது, டயர் இரண்டிலும் சிலர் இணையத்தில் இருக்க மாட்டார்கள். டயர் மூன்றில் உள்ளவர் குடிவந்தால் போலீசே அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தகவல் சொல்லும். மாசசூசெட்ஸில் லெவல் ஒன்று பொதுமக்களுக்கு இல்லை. மின்னசோட்டாவும் ஓரிகனும் பெரும்பாலும் மூன்றாம் லெவலை மட்டுமே இணையத்தில் போடுகின்றன. கலிஃபோர்னியாவில் சிலருக்கு முழு முகவரி தெரியும், சிலருக்கு ஜிப் கோடு மட்டும், சிலர் தளத்திலேயே இல்லை. ஜிப் கோடு மட்டும் உள்ளவர்கள் சுற்றளவுத் தேடலில் சிக்க மாட்டார்கள். ஆகவே கலிஃபோர்னியாவில் முகவரியால் ஒரு முறை, ஜிப் கோடால் ஒரு முறை என இரண்டு தடவை தேட வேண்டும்.

இதற்கெல்லாம் மேலே, பிடிபடாதவர்கள், புகாரே வராதவர்கள், வழக்கு நடந்தும் தண்டனை பெறாதவர்கள், வேறு சிறிய குற்றத்தை ஒப்புக்கொண்டு வெளியே வந்தவர்கள், பதிவுக் காலம் முடிந்தவர்கள் எவரும் பதிவேட்டில் கிடையாது. சிறுவயதில் குற்றம் செய்தவர்களில் பெரும்பாலோரும் பொதுத் தளத்தில் இருக்க மாட்டார்கள். வெளிநாட்டில் செய்த குற்றம் இங்குள்ள பதிவேட்டில் தானாக வந்து சேராது. நீதித்துறையின் புள்ளிவிவரப் பிரிவு 2000-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, போலீசுக்கு வந்த வழக்குகளில் குழந்தைகளிடம் குற்றம் செய்தவர்களில் அந்நியர்கள் சுமார் 7 சதவீதம்தான். மற்றவர்கள் எல்லாம் சொந்தக்காரர், குடும்ப நண்பர், பயிற்சியாளர், அறிந்த முகம். பட்டியல் காலியாக இருந்தாலும் பாட்டு வகுப்பில் கதவு திறந்திருக்கிறதா, வேறு பெரியவர் வீட்டில் இருக்கிறாரா, பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரலாமா என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நல்ல ஆசிரியர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

உரிமம் பெற்ற டேகேர் ஊழியர்களுக்கு 2014-ன் கூட்டரசுச் சட்டம் பின்னணிச் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதில் எஃப்பிஐ வைத்திருக்கும் தேசியப் பதிவேடும் சேர்த்தி. நீங்கள் பார்க்கும் பொதுத் தளத்தைவிட அது முழுமையானது. சோதனை முடிந்துவிட்டதா, கடைசியாக எந்தத் தேதியில் என்று டேகேர் நிர்வாகியிடம் கேளுங்கள். ஐந்தாண்டுக்கு ஒரு முறையாவது அது நடந்திருக்க வேண்டும்.

பெயர் வந்துவிட்டால்

பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டே கை வாட்ஸ்ஆப்புக்குப் போகும். அனுப்பாதீர்கள். அவர் வீட்டுக் கதவைத் தட்டாதீர்கள், நோட்டீஸ் ஒட்டாதீர்கள், அவர் பிள்ளைகளிடம் எதையும் காட்டாதீர்கள். பதிவேட்டில் உள்ள விவரத்தை வைத்துத் தொல்லை கொடுப்பது, மிரட்டுவது குற்றம். கலிஃபோர்னியாவில் அந்த விவரத்தைப் பயன்படுத்திச் சிறு குற்றம் ஒன்று செய்தாலும் மற்ற தண்டனைகளோடு 10,000 முதல் 50,000 டாலர் வரை அபராதம், பெருங்குற்றமானால் கூடுதலாக ஐந்தாண்டுச் சிறை. வீடு, வேலை, கடன், காப்பீடு மறுக்க அந்த விவரத்தைப் பயன்படுத்தவும் அங்கே கட்டுப்பாடு உண்டு, ஆபத்தில் இருப்பவரைக் காப்பதற்கு மட்டும் விலக்கு. பாதிக்கப்பட்ட குழந்தை அதே வீட்டிலேயே இருக்கக்கூடும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். உங்கள் செய்தி குழுவுக்குக் குழு தாவிப் போகும்போது அந்தக் குழந்தையும் அம்பலமாகிறது.

பள்ளிக்குப் பக்கத்தில் ஒருவர் இருப்பது தானாகவே சட்டமீறல் ஆகாது. தூரக் கட்டுப்பாடு மாநிலத்துக்கு மாநிலம், ஏன் ஊருக்கு ஊர்கூட மாறும், ஒருவர் பரோலில் இருக்கிறாரா இல்லையா என்பதையும் பொறுத்தது. சந்தேகம் இருந்தால் ஷெரிஃப் அலுவலகத்தைக் கேளுங்கள். பதிவில் உள்ள முகவரியில் அவர் இல்லை, அல்லது பதிவில் இல்லாத முகவரியில் இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரிந்தால் அதைச் சொல்ல மாநிலத் தளங்கள் பலவற்றில் அந்த ஆளின் பக்கத்திலேயே இணைப்பு இருக்கும். கூட்டரசுச் சட்டப்படி வீடு, வேலை, படிப்பு மாறினால் மூன்று வேலை நாட்களுக்குள் அவர் தெரிவித்திருக்க வேண்டும்.

பிள்ளைகளிடம் பெயரையும் படத்தையும் காட்டிப் பயமுறுத்துவதைவிட விதியாகச் சொல்லுங்கள். எங்களைக் கேட்காமல் யார் வீட்டுக்குள்ளும், யார் காருக்குள்ளும் போகக் கூடாது, அம்மாவிடம் சொல்லாதே என்று யார் சொன்னாலும் உடனே சொல்ல வேண்டும். அது பதிவேட்டில் இல்லாத ஆளுக்கும் பொருந்தும். ஆபத்து கண்ணெதிரே நடந்தால் 911. குழந்தைக்கு ஏதோ நடந்திருக்கிறது என்ற சந்தேகம் இருந்தால் சைல்ட்ஹெல்ப் உதவி எண் 1-800-422-4453. பாலியல் வன்முறைக்கு ஆளான எந்த வயதினரும் ரெயின் அமைப்பை 1-800-656-4673 என்ற எண்ணில் அழைக்கலாம்.

கடைசியாக, தளத்தை மூடும் முன் மாநிலத் தளத்தில் மின்னஞ்சல் எச்சரிக்கை வசதி இருக்கிறதா பாருங்கள். ஃப்ளோரிடா போலப் பல மாநிலங்களில் இலவசம். வீட்டு முகவரி, பள்ளி முகவரி இரண்டையும் பதிந்தால் அருகே பதிவேட்டில் உள்ள யாராவது குடிவரும்போது மின்னஞ்சல் வரும். அந்த வசதி இல்லாத மாநிலத்தில் இருப்பவர்கள், ஆகஸ்டில் பள்ளி திறக்கும் முன் ஒரு முறை, ஜனவரியில் ஒரு முறை என்று நாள்காட்டியில் குறித்து வைத்துக்கொண்டு அதே நாலைந்து முகவரிகளையும் மறுபடி தேடுங்கள்.